வீட்டு கட்டிங் மெஷினில் தையல் பேட்டர்ன் வெட்டுவது எப்படி?

ஸ்டிக்கரும் வாழ்த்து அட்டையும் வெட்டுவதற்காக வாங்கிய கட்டிங் மெஷின் இருக்கிறது, பக்கத்திலேயே தையல் மெஷினும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முழு கவுனையோ பேண்ட்டையோ இதில் வெட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடலாம். அதற்குக் கத்தரிக்கோல்தான் வேகம். சின்னத் துண்டுகள், வளைவு அதிகமுள்ள துண்டுகள், ஒரே அளவில் நிறைய தேவைப்படும் துண்டுகள் ஆகியவற்றில்தான் மெஷின் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். பொம்மை உடை, குழந்தைத் தொப்பி, காலர், பாக்கெட், பர்ஸ், ஒட்டுவேலைப் பூக்கள் போன்றவை.

வெட்டுவது சில நிமிட வேலை. நேரம் போவது அதற்கு முன்னால்: ஃபைலைத் தயார் செய்வதிலும், துணியை மேட்டில் (துணியைப் பிடித்து மெஷினுக்குள் கொண்டுபோகும், பசை பூசிய விரிப்பு) நேராக ஒட்டுவதிலும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

உங்கள் மெஷினால் என்ன முடியும்?

துணியை அப்படியே வெட்ட வேண்டுமென்றால் ரோட்டரி பிளேடு வேண்டும். சக்கரம்போல உருண்டுகொண்டே வெட்டுவதால் அது துணியை இழுக்காது. க்ரிக்கட் கம்பெனியின் மேக்கர் மாடல்களுக்கு இந்த பிளேடு உண்டு. எக்ஸ்ப்ளோர், ஜாய் மாடல்களில் போட முடியாது. சிலுவெட் கம்பெனியின் மெஷின்களில் கேமியோ 4 முதல் ரோட்டரி பிளேடு போடலாம். பிரதர் கம்பெனியின் ஸ்கேன் என் கட் வேறு ரகம்: உள்ளேயே ஸ்கேனர் இருப்பதால் காகிதத்தில் வரைந்ததைப் படித்து அப்படியே வெட்டும்.

உங்களிடம் இருப்பது கூர்முனை பிளேடு மட்டும் உள்ள மெஷினா? அதிலும் துணி வெட்டலாம், ஆனால் துணியின் பின்பக்கம் இஸ்திரி வைத்தால் ஒட்டும் கேன்வாஸையோ ஒட்டுத்தாளையோ முதலில் ஒட்டிவிட வேண்டும். வெறும் துணியைக் கொடுத்தால் முனை நூலைப் பிடித்து இழுத்துச் சுருட்டிவிடும்.

எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் அட்டையில் வெட்டிப் பழகுங்கள் என்பதுதான் என் கருத்து. 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) கனமுள்ள அட்டையில் பேட்டர்னை வெட்டி வைத்துக்கொண்டால், அதைத் துணிமேல் வைத்துச் சுற்றி வரைந்து எத்தனை முறை வேண்டுமானாலும் கையால் வெட்டலாம். அட்டை நழுவாது, இழுபடாது. அளவில் தவறு இருந்தாலும் வீணாவது ஒரு அட்டைதான், துணி இல்லை. பலர் இந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுவே அவர்களுக்குப் போதுமானதாகவும் இருக்கிறது.

இடம் எவ்வளவு?

பொதுவான மேட் 12 அங்குல அகலம். ஆனால் 12 அங்குலம் முழுவதும் வெட்டாது. க்ரிக்கட்டில் உண்மையாகக் கிடைக்கும் அகலம் 11.5 அங்குலம், அதாவது சுமார் 29.2 சென்டிமீட்டர். நீளமான மேட்டில் 23.5 அங்குலம், சுமார் 59.7 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கும். கேமியோவில் 15, 24 அங்குல அகலமுள்ள பெரிய மாடல்களும் உண்டு.

பேட்டர்னைத் தேர்ந்தெடுக்கும்போதே, மிகப் பெரிய துண்டு இந்தச் செவ்வகத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்காத துண்டுகளைக் கையால் வெட்டிக்கொண்டு, காலரும் பாக்கெட்டும் போன்றவற்றை மட்டும் மெஷினுக்குக் கொடுப்பதில் தவறே இல்லை.

ஃபைல் தயாரிப்பு

விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் பேட்டர்ன்கள் பெரும்பாலும் பிடிஎஃப் ஆக வரும். அதைப் பொதுவாக அப்படியே மெஷினுக்குக் கொடுக்க முடியாது. எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் என்ற, வடிவத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் ஃபைல் வகைக்கு மாற்ற வேண்டும். சிலுவெட்டின் மென்பொருளான சிலுவெட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு டிஎக்ஸ்எஃப் ஃபைலைத் திறக்கும். எஸ்விஜி திறக்க, காசு கொடுத்து வாங்கும் டிசைனர் பதிப்பு தேவை. க்ரிக்கட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸுக்கு எஸ்விஜி போதும்.

மாற்றுவதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதுமானது. பேட்டர்னோடு ஏ0 அளவு ஃபைலும் தந்திருந்தால் அதையே திறங்கள். ஏ4 பக்கங்களாகப் பிரித்த ஃபைலில் ஒரே துண்டு நான்கு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். அதை ஒட்டவைப்பது தனி வேலை.

திறந்ததும் முதலில் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவின் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அளவுகளை அழித்துவிடுங்கள். எழுத்துகள், அம்புக்குறிகள், புள்ளிக் கோடுகள் எதையும் விட்டுவைக்க வேண்டாம். கட்டிங் மென்பொருளுக்கு இது எழுத்து, இது வெட்டுக்கோடு என்ற வித்தியாசம் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் 'முன்பக்கம்' என்ற வார்த்தையையும் எழுத்து எழுத்தாக வெட்டித் தள்ளும்.

அப்புறம், ஒவ்வொரு துண்டின் வெளிக்கோடும் மூடியிருக்க வேண்டும். பார்வைக்கு மூடியதுபோல் இருக்கும், ஆனால் ஒரு மூலையில் இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். நோட் கருவியில் (கோட்டிலுள்ள புள்ளிகளைத் திருத்தும் கருவி) அந்த இரண்டு முனைகளையும் தேர்ந்தெடுத்து இணைத்துவிடுங்கள். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மெஷின் அதே வழியில் இரண்டு முறை போகும்.

மடிப்பில் வைத்து வெட்டச் சொல்லும் துண்டுகளுக்கு இங்கே வேறு வழி. மெஷின் ஒற்றைத் துணியைத்தான் வெட்டும். எனவே பாதித் துண்டை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, நடுக்கோட்டில் ஒரு மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனியன் கட்டளை கொடுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் ஏறவில்லை என்றால் நடுவில் ஒரு மெல்லிய கோடு நின்றுவிடும், மெஷின் அதையும் வெட்டும். ஏறிய அளவு துண்டின் அகலத்தில் குறையும் என்பதையும் மறக்காதீர்கள். பொம்மைச் சட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தெரியும். அந்த அளவுத் துல்லியம் வேண்டுமென்றால் மேலேற்றாமல், நடுக்கோட்டை நீக்கிவிட்டு மேலும் கீழுமுள்ள முனைகளை மட்டும் இணையுங்கள்.

இடது, வலது என்று ஜோடியாக வேண்டிய துண்டுகளுக்கு ஒன்றை அப்படியே, இன்னொன்றைத் திருப்பி என இரண்டு வைக்க வேண்டும். மடித்துப் போட்டு வெட்டும் பழக்கத்தில் இதை மறந்தால் இரண்டு இடது கைகள்தான் கிடைக்கும்.

அளவுச் சதுரத்தை விடாதீர்கள்

ஃபைலோடு எப்போதும் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து சேர்த்து அனுப்புங்கள். கட்டிங் மென்பொருளில் திறந்ததும் முதலில் அந்தச் சதுரத்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

10 இருந்தால் நல்லது. 7.5 ஆகவோ 13.33 ஆகவோ இருந்தால் காரணம் எளிது: ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதில் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. இங்க்ஸ்கேப்பின் 0.92 பதிப்பு முதல் ஒரு அங்குலத்துக்கு 96. வேறு சில மென்பொருள்களில் 72. அந்தக் கணக்கு மாறும்போது பேட்டர்ன் முக்கால் பங்காகச் சுருங்கும் அல்லது மூன்றில் ஒரு பங்கு வளரும். துண்டுகளையும் சதுரத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அகல உயர விகிதம் பூட்டியிருக்கும்படி, சுருங்கியிருந்தால் 133.33 சதவீதமும் வளர்ந்திருந்தால் 75 சதவீதமும் கொடுங்கள். சதுரம் 10 காட்டியதும் அதை நீக்கிவிடலாம். துண்டுகளைத் தனித்தனியாக மட்டும் பெரிதாக்க வேண்டாம். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

ஒரு பாக்கெட்டை வைத்துப் பார்ப்போம்

கீழ் மூலைகள் வளைந்த ஒட்டுப் பாக்கெட். தைத்து முடித்ததும் 14 சென்டிமீட்டர் அகலம், 16 உயரம். தையலுக்கு இரண்டு பக்கமும் கீழும் 1 சென்டிமீட்டர், மேலே மடிக்க 3 சென்டிமீட்டர். ஆக, துணி 16 அகலம், 20 உயரம்.

இங்க்ஸ்கேப்பில் 14க்கு 16 செவ்வகம் வரைந்து மூலைகளுக்கு 2.5 சென்டிமீட்டர் வளைவு கொடுங்கள். நான்கு மூலையும் வளைந்துவிடும். மேல் மூலைகள் நேராக வேண்டுமே? மேல்பாதியை மூடும்படி 14 அகலத்தில் இன்னொரு சாதாரணச் செவ்வகத்தை மேல் விளிம்போடு ஒட்டி வைத்து யூனியன் கொடுங்கள். கீழே வளைவு, மேலே நேர்மூலை. இதை ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

மூல வடிவத்துக்கு ஆஃப்செட் வழியாக 1 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சேருங்கள். இப்போது 16க்கு 18. மேலே இன்னும் 2 வேண்டும். 16 அகலம், 5 உயரத்தில் ஒரு செவ்வகத்தை, அதன் மேல் விளிம்பு முடிந்த பாக்கெட்டின் மேல் விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வைத்து மறுபடி யூனியன். 16க்கு 20 தயார். மடிப்புக் கோட்டுக்கு இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு கோடு போட்டு, அதை வெட்டுக்கோடாக இல்லாமல், மெஷினில் பொருத்திய பேனா வரையும் பேனாக் கோடாக மாற்றுங்கள்.

தனியாக வைத்த நகலை அட்டையில் வெட்டுங்கள். துணி பாக்கெட்டின் உள்பக்கம் அந்த அட்டையை வைத்து, ஓரத்தை அட்டைமேல் மடித்து இஸ்திரி போட்டால் வளைவு ஒரே சீராக விழும். வளைந்த ஓரத்தில் இயந்திரத் தையலின் நீளமான ஓட்டு ஒன்று போட்டு நூலை லேசாக இழுத்துச் சுருக்கிக்கொண்டால் இன்னும் சுலபம். கண்ணளவில் மடித்த இரண்டு பாக்கெட்டை ஒரே சட்டையில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இந்த அட்டையின் அருமை தெரியும். அதே 14க்கு 16 வடிவத்தில் கேன்வாஸும் வெட்டலாம். தையல் ஓரத்தில் கேன்வாஸ் சிக்காது, தடிமனும் ஏறாது.

சரி, இதை நீள மேட்டில் எத்தனை அடுக்கலாம்? நேராக நிறுத்தினால் உயரம் 20. மூன்று வைத்தால் 60 ஆகிவிடும்; மேட்டில் இருப்பது 59.7. மூன்று மில்லிமீட்டரில் தவறிவிடும், எனவே இரண்டுதான். படுக்க வைத்தால் ஒவ்வொன்றும் 16. இடைவெளியோடு சேர்த்தாலும் மூன்று தாராளமாக அடங்கும். ஆனால் துண்டைத் திருப்பினால் துணியையும் திருப்பி ஒட்ட வேண்டும். அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

நூலோட்டம்

கத்தரிக்கோலால் வெட்டும்போது பாவு நூல் ஓடும் திசையை நாம்தான் பார்த்து வைக்கிறோம். மெஷினுக்கு அது தெரியாது. டிசைன் ஸ்பேஸ் போன்றவை துணியை மிச்சப்படுத்துவதற்காகத் துண்டுகளைத் தானாகத் திருப்பி அடுக்கிவிடும். ஸ்டிக்கருக்கு அது நல்லது, ஆடைக்கு ஆகாது. சாய்வாக வெட்டிய பாக்கெட் துவைத்த பிறகு தொங்கி இழுக்கும்.

தடுக்கும் வழி இது: துண்டுகளை நீங்களே அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அட்டாச் கொடுங்கள். வைத்த இடமும் திசையும் அப்படியே நிற்கும். பேனாக் கோடுகளையும் அந்தந்தத் துண்டோடு சேர்த்தே அட்டாச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவை வேறு மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெல்ட் கொடுத்துவிடாதீர்கள், அது துண்டுகளையே ஒன்றாக்கிவிடும்.

மேட்டில் கட்டம் போட்டிருக்கும். துணியின் பக்கவாட்டுக் கரையிலிருந்து நேராக ஒரு நூலை உருவியோ கிழித்தோ நேர்விளிம்பு எடுத்து, அதை அந்தக் கட்டத்தின் கோட்டோடு பொருத்தி ஒட்டுங்கள். இந்த நிமிடத்தில் அவசரம் வேண்டாம்.

துணியைத் தயார் செய்வது

முதலில் துவைத்துச் சுருக்க வேண்டியதைச் சுருக்கிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கஞ்சியோ ஸ்டார்ச் ஸ்ப்ரேயோ போட்டு இஸ்திரி செய்யுங்கள். மொடமொடப்பாக இருக்கும் துணி மேட்டில் பிடிக்கும், வெட்டும் சுத்தமாக விழும். பருத்தித் துணியில் தொடங்குங்கள். ஷிஃபான், சாட்டின், இழுபடும் பின்னல் துணிகள் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

துணிக்கென்று தனி மேட் உண்டு, க்ரிக்கட்டில் இளஞ்சிவப்பு. அதில் நல்ல பக்கம் கீழே, பின்பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டுவது வழக்கம், பேனாக் குறிகள் பின்பக்கம் விழும் என்பதற்காக. இதில் ஒரு விஷயம் உண்டு: நாம் இப்போது துணியைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஒற்றைத் துண்டாக வேண்டிய, இடவல வித்தியாசமுள்ள துண்டுகளை மென்பொருளில் திருப்பிக்கொள்ள வேண்டும். பாக்கெட் போன்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒட்டிய பிறகு கையால் நீவாமல் சின்ன உருளையால் நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். அழுத்தி இழுத்தால் துணி மேட்டிலேயே நீண்டுவிடும். வெட்டி எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பி அளவு குறையும். மேட்டின் பசைப் பரப்பை விரலால் தொடாதீர்கள், கையின் எண்ணெய் பசையைக் கெடுக்கும்.

வெட்டும் நேரம்

ரோட்டரி பிளேடுக்குத் திரும்ப இடம் வேண்டும். முக்கால் அங்குலத்துக்கு, அதாவது 19 மில்லிமீட்டருக்குக் குறைந்த வடிவங்களை அதில் வெட்டக்கூடாது, மேட்டுக்குச் சேதம். துண்டுகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டராவது விடுங்கள். சின்ன முக்கோண வெட்டுக்குறிகளையும் இதே காரணத்தால் வெட்ட விடாமல் பேனாவால் குறிக்க விடுவது நல்லது. டார்ட்டும் (உடலுக்குப் பொருந்தத் தைக்கும் கூம்பு மடிப்பு) அப்படியே.

பேனாவை முதலில் அதே துணியின் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். தண்ணீரில் போகும் மையின்மேல் இஸ்திரி வைத்தால் கறை நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் மை நேரெதிர்: இஸ்திரியில் மறையும், கடும் குளிரில் திரும்பத் தெரியலாம். இரண்டுமே பின்பக்கத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு.

மெஷினுக்குப் பின்னால் மேட் நீளத்துக்கு இடம் விட்டு வையுங்கள். வெளியே வந்த மேட் சுவரில் முட்டினால் கோடு பிசகும். துணி வகையைத் தேர்ந்தெடுத்து, மிஞ்சிய துணியில் 4 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். சரியாக விழுந்தால் முழு வேலையையும் கொடுங்கள்.

முடிந்ததும் உடனே மேட்டை வெளியே தள்ளிவிடாதீர்கள். மெஷினில் இருக்கும்போதே ஒரு மூலையை இடுக்கியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். வெட்டு முழுதாக விழவில்லை என்றால் அதே இடத்தில் இன்னொரு முறை ஓட்டலாம். மேட்டை எடுத்துவிட்டால் திரும்ப அதே புள்ளியில் பொருத்துவது நடக்காத காரியம். எடுக்கும்போது சாய்வு விளிம்புகளைப் பிடித்து இழுக்க வேண்டாம், நேர்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஒட்டியிருக்கும் நூலை ஸ்கிரேப்பரால் சுரண்டினால் பசையும் சேர்ந்து வரும், இடுக்கியே போதும்.

மேட்டைவிடப் பெரிய துண்டு

துணியில் நடுவே ஒட்டுப்போட்டு வெட்டுவது அழகில்லை. அட்டையில் செய்யலாம். பேட்டர்னை நேர்கோட்டில் இரண்டாகப் பிரித்து, அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி இரண்டு மூன்று பேனாக் கோடுகள் போட்டு, தனித்தனி மேட்டில் வெட்டுங்கள். கோடுகள் நேராகச் சேரும்படி வைத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டினால் பெரிய அட்டை தயார். நான்கு துண்டுக்கு மேல் போனால் பேசாமல் பிரிண்ட் எடுத்துக் கையால் வெட்டிவிடலாம்.

ஸ்கேன் என் கட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் தடிமனாக, கோடு விடாமல் பேட்டர்னை வரைந்து, பசை குறைந்த மேட்டில் ஒட்டி ஸ்கேன் செய்யுங்கள். தையல் ஓரத்தை மெஷினிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கணினியே வேண்டாம்.

சரியாக வரவில்லையா?

சம இடைவெளியில் அங்கங்கே சில நூல்கள் வெட்டுப்படாமல் நின்றால், ரோட்டரி சக்கரத்தின் விளிம்பில் ஒரு இடம் உடைந்திருக்கிறது. அந்த இடம் சுற்றி வரும்போதெல்லாம் துணியைத் தொடாமல் போகிறது, பிளேடை மாற்றுங்கள். வரிசையில்லாமல் எங்கெங்கோ நின்றால் துணி சரியாக ஒட்டவில்லை, அல்லது துணி வகை தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. துணி நகர்ந்திருந்தால் மேட் பசை போய்விட்டது. இப்போதைக்கு நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் போட்டு ஓட்டலாம், ஆனால் புதிய மேட் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

வளைவில் மெஷின் திக்கித் திக்கிப் போனால் கோட்டில் தேவைக்கு அதிகமான நோடுகள் இருக்கின்றன. சிம்ப்ளிஃபை கட்டளை குறைத்துத் தரும், ஆனால் வடிவத்தையும் கொஞ்சம் மாற்றிவிடும். கை வளைவு, கழுத்து வளைவு போன்ற இடங்களில் அதை நம்பாமல், வேண்டாத நோடுகளைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

வாங்கிய பேட்டர்னிலிருந்து தயாரித்த ஃபைலை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அதன் உரிம நிபந்தனையைப் படித்துவிடுங்கள். வெட்டிய அட்டை ஒவ்வொன்றிலும் துண்டின் பெயர், அளவு, நூலோட்டத்துக்கு ஒரு அம்பு, தையல் ஓரம் சேர்த்ததா சேர்க்காததா என்பதை உடனே எழுதி, ஒரு மூலையில் ஓட்டை போட்டு வளையத்தில் மாட்டி வையுங்கள்.